இலவசமும் கட்டின்மையும்
சேவையகங்களில் ஜாவா இயக்கச் சூழல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

மென்பொருள் பற்றிய உரையாடல்களிலே ‘இலவசமானது’, ‘கட்டற்றது’ என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்கப்படுவதைப் பரவலாகக் காணலாம். ஆங்கிலத்தில் விலையின்மையையும் விடுதலையையும் ஒரே சொல் குறிப்பதால் அம்மொழியிலே இம்மயக்கம் தோன்றுவது இயல்பு. தமிழில் அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள. இருந்தும் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் அம்மயக்கத்தை மொழிபெயர்ப்போடு சேர்த்தே இறக்குமதி செய்துகொண்டனர் எனல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் சேவையகக் கணினியிலே எந்த இயக்கச் சூழலை நிறுவுவது என்னும் வினா எழும்போது, “இலவசமாகக் கிடைப்பதை நிறுவுக” என்பாரும், “காசு கொடுத்து வாங்கியதே நம்பகமானது” என்பாரும் ஆகிய இரு சாராரும் விலை என்னும் ஒரே அளவுகோலையே கையிற் கொண்டுள்ளனர். ஒருவர் அதனை நேராகவும் மற்றவர் தலைகீழாகவும் பிடித்திருக்கின்றார் என்பதே வேறுபாடு.

இவ்வளவுகோலின் போதாமையை எடுத்துக்காட்டுவதற்கு ஜாவாவின் வரலாற்றினைப் போலப் பொருத்தமான சான்று பிறிதொன்று இல்லை எனலாம். விலையின்றிக் கிடைத்துக்கொண்டே கட்டுண்டு கிடந்த காலம், மூலம் திறக்கப்பட்டும் முழுமை பெறாதிருந்த காலம், முழுமை பெற்ற பின்னரும் பெயரும் சோதனையும் ஒரு நிறுவனத்தின் கைக்குள் இருந்த காலம் எனப் பல கட்டங்கள் அவ்வரலாற்றிலே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அக்கட்டங்களை ஆராய்ந்து, தெரிவு செய்வோன் உண்மையில் எவற்றை நோக்கவேண்டும் என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயக்கச் சூழலின் இயல்பு

ஜாவா மொழியில் எழுதப்படும் செய்நிரல், கணினியின் முறைவழியாக்கி நேரே விளங்கிக்கொள்ளும் கட்டளைகளாக மாற்றப்படுவதில்லை. அது ‘பைற்றுக்குறி’ எனப்படும் ஓர் இடைநிலை வடிவத்தைப் பெறுகின்றது. அவ்விடைநிலை வடிவத்தை வாசித்து, அடிக்கடி நிகழும் பகுதிகளை இனங்கண்டு, அவற்றை ஓட்டத்தின்போதே பொறிமொழிக்கு மாற்றி, பயன்பட்டு முடிந்த நினைவகத்தைத் துப்புரவு செய்து, கோப்புகளோடும் வலையமைப்போடும் தொடர்பினை ஏற்படுத்திக் கொடுக்கும் அமைப்பே இயக்கச் சூழலாகும். மெய்நிகர் பொறியும் அதனோடு இணைந்த வகுப்பு நூலகமும் இதன் இரு பெரும் உறுப்புகள்.

ஒரு பயனரின் மேசைக் கணினியிலே இச்சூழல் சில நிமிடங்கள் இயங்கி ஓயலாம். சேவையகத்திலோ அது மாதக்கணக்கில் ஓயாது இயங்குகின்றது. பொது வலையமைப்பின் வாயிலிலே அது நிற்பதனால், அதிற் காணப்படும் ஒவ்வொரு பாதுகாப்புக் குறைபாடும் நிறுவனத்தின் குறைபாடாகின்றது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபர் ஆகிய மாதங்களிலே பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன. ஆதலின் சேவையகத்துக்கான தெரிவு ஒரு நாளில் நிறைவுறும் கொள்வனவன்று. ஆண்டுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படும் ஓர் உறவு அது. இவ்வுறவின் நிபந்தனைகளை விதிப்பவர் எவர் என்பதே இவ்விடயத்தில் அடிப்படை வினாவாகும்.

2. விலையின்றிக் கட்டுண்ட காலம்

சன் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் ஜாவாவை அறிமுகப்படுத்தியது. எவரும் அதனைப் பணமின்றிப் பெற்றுக்கொள்ளக் கூடியதாயிருந்தது. ஆயினும் அதனைத் திருத்தி வெளியிடும் உரிமையோ, பிற மென்பொருள்களோடு சேர்த்துத் தடையின்றி விநியோகிக்கும் உரிமையோ பெறுவோர்க்கு இருக்கவில்லை. இதனாலேயே டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் சன்னின் ஜாவாவைத் தம் முதன்மைத் தொகுதியிற் சேர்க்க இயலாதிருந்தன.

இந்நிலையைக் கூர்மையாகச் சுட்டிக்காட்டியவர் ரிச்சட் ஸ்ரோல்மன். 2004 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஜாவாக் கண்ணி’ பற்றிய கட்டுரையின் சாரம் இதுவாகும்: ஒரு செய்நிரல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியாகியிருப்பினும், அது இயங்குவதற்குக் கட்டுண்ட சூழலொன்றைச் சார்ந்து நிற்குமாயின், அதன் விடுதலை ஏட்டளவினதே. இக்கருத்து அக்காலத்திலே பலராற் கடும்போக்கு என ஒதுக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றைக் கொண்டு நோக்குமிடத்து, அவர் நோயைச் சரியாக இனங்கண்டார் என்பதை ஒப்புக்கொள்ளல் தகும். ஜாவாவில் எழுதுவோர் தம் ஆக்கம் தமக்கே உரியது என நம்பியிருந்த வேளையில், அவ்வாக்கம் மூச்சுவிடுவதற்கான காற்று மற்றொருவரின் அனுமதியிலே தங்கியிருந்தது.

எனினும் சன் நிறுவனத்தின் நிலைப்பாட்டை வெறும் இலாப நோக்கு எனத் தள்ளிவிடுதல் நடுநிலையான மதிப்பீடாகாது. மைக்கிரோசொப்ற் தனது ஜாவா வடிவத்திலே விண்டோசுக்கே உரிய இயல்புகளைச் சேர்த்தமைக்காக 1997 இல் சன் வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு 2001 இல் இணக்கத்தில் முடிந்தது. எங்கும் ஒரே விதமாக இயங்குதல் என்பதே ஜாவாவின் உயிர்நாடியாக இருந்தமையால், பிளவினைத் தடுப்பதற்கான கட்டுப்பாடு ஓரளவு தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. குறை யாதெனில், ஒருமையைக் காப்பதற்கான கட்டுப்பாடும் உடைமையைக் காப்பதற்கான கட்டுப்பாடும் ஒரே பத்திரத்திலே பின்னப்பட்டிருந்தமையாகும். முன்னதற்காக வழங்கப்பட்ட ஒப்புதல் பின்னதற்கும் செல்லுபடியாயிற்று.

3. திறப்பும் எச்சமும்

2006 நவம்பரில் சன் நிறுவனம் மெய்நிகர் பொறியையும் தொகுப்பானையும் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. 2007 மே மாதத்திலே வகுப்பு நூலகமும் வெளியாயிற்று. ‘ஓப்பன் ஜே.டி.கே.’ என்னும் செயற்றிட்டம் இவ்வாறு தோற்றம் பெற்றது. அவ்வுரிமத்தோடு ஒரு விதிவிலக்கும் இணைக்கப்பட்டிருந்தது. அதன்படி, இச்சூழலின் மேல் இயங்கும் செய்நிரல்கள் அதே உரிமத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. வணிக நிறுவனங்கள் அச்சமின்றி இதனை ஏற்றுக்கொள்வதற்கு அவ்விதிவிலக்கே வழிவகுத்தது.

ஆனால் திறக்கப்பட்டது முழுமையானதாக இருக்கவில்லை. எழுத்துருக்களை வரையும் பகுதி, உருவங்களைப் புள்ளிகளாக்கும் பகுதி, நிற முகாமை, ஒலி முதலியவற்றின் சில கூறுகள் மூன்றாம் தரப்பினருக்கு உரியனவாயிருந்தன. அவற்றின் மூலத்தை வெளியிடும் உரிமை சன்னுக்கே இருக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்புதற்கு ரெட் ஹற் நிறுவனத்தினர் 2007 இல் ஆரம்பித்த ‘ஐஸ்ட்டீ’ முயற்சி பெரிதும் உதவியது. 1998 முதல் வளர்ந்துவந்த ‘குனூ கிளாஸ்பாத்’ என்னும் கட்டற்ற வகுப்பு நூலகத்தின் பகுதிகள் அதிலே பயன்படுத்தப்பட்டன. 2008 இல் பெடோரா 9 வெளியீட்டில் அடங்கிய ஓப்பன் ஜே.டி.கே. அதிகாரபூர்வமான பொருத்தச் சோதனையில் தேறியது. பெருநிறுவனத்தின் கொடையும் தன்னார்வலரின் பத்தாண்டு உழைப்பும் ஒன்றிணைந்த இடம் இது. திறந்த மூலத்தின் வரலாற்றை ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மையாகச் சித்திரிப்போர் இவ்வுழைப்பினை மறந்துவிடுகின்றனர்.

சேவையகத்தின் நோக்கிலே இவ்வெச்சங்கள் சிறப்பான கவனத்துக்குரியன. விடுபட்ட பகுதிகளிற் பெரும்பாலானவை திரைக்குரியவை. சேவையகமோ திரையின்றி இயங்குவது. ஆதலின் மேசைக் கணினியிற் குறையாகத் தோன்றியவை சேவையகத்தில் உறுத்தவில்லை. ஆயினும் இப்பொது விதிக்குப் புறநடைகள் உண்டு. படங்களையும் அச்சுக்குரிய ஆவணங்களையும் சேவையகத்திலேயே ஆக்கும் செய்நிரல்கள் எழுத்துரு வரைவினைச் சார்ந்தவை. அவை ஒரு சூழலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும்போது எழுத்துகளின் அகலமும் வரிகளின் முறிவும் மாறக்கூடும். இதனிலும் முக்கியமானது மூலச் சான்றிதழ்கள் பற்றியது. பாதுகாக்கப்பட்ட இணைப்பொன்றை ஏற்படுத்துகையில் எதிர்த்தரப்பின் அடையாளத்தை உறுதிசெய்வதற்கு நம்பத்தகுந்த சான்றிதழ்களின் தொகுதி தேவை. ஒராக்கிளின் வெளியீட்டிலே அத்தொகுதி நிரம்பியிருந்தது. திறந்த மூலத்திலோ அக்கோப்பு வெறுமையாக இருந்தது. மூலத்தைப் பெற்றுத் தாமே ஆக்கிக்கொண்டோர், செய்நிரலில் எப்பிழையும் இல்லாதபோதும் இணைப்புகள் மறுக்கப்படுவதைக் கண்டனர். 2018 இல் வெளியான 10 ஆம் பதிப்பிலேயே இக்குறை நீக்கப்பட்டது. ஒரு சூழலின் மூலக்குறி திறந்திருத்தல் வேறு, அது பயன்பாட்டுக்கு ஆயத்தமாயிருத்தல் வேறு என்னும் உண்மையை இவ்வுதாரணம் நன்கு விளக்குகின்றது.

4. சோதனையின் உரிமை

மூலக்குறியைத் திறப்பதனால் மட்டும் அதிகாரம் கைமாறுவதில்லை என்பதற்குத் தக்க சான்று, அப்பாச்சி மென்பொருள் நிறுவகத்தின் ‘ஹார்மனி’ செயற்றிட்டத்துக்கு நேர்ந்த கதியாகும். 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட ஹார்மனி, சன்னின் மூலத்தைத் தொடாது ஜாவாவைப் புதிதாக எழுத முற்பட்டது. ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் அதற்குத் துணைநின்றன. எழுதப்பட்டது உண்மையிலேயே ஜாவாதான் என அறிவிப்பதற்குப் பொருத்தச் சோதனையில் தேறல் அவசியம். அச்சோதனைத் தொகுதியோ சன்னின் உடைமை. அதனை வழங்குவதற்குச் சன் விதித்த நிபந்தனைகள், தேறிய மென்பொருளைப் பயன்படுத்தக்கூடிய களங்களைக் குறுக்கின. திறந்த உரிமத்தோடு அத்தகைய களக் கட்டுப்பாடு பொருந்தாது எனக் கூறி அப்பாச்சி 2007 இல் சன்னுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. நிலைமை மாறவில்லை. 2010 இல் சன்னை ஒராக்கிள் நிறுவனம் கையகப்படுத்திய பின்னரும் அது மாறவில்லை. அவ்வாண்டிலே ஐ.பி.எம். ஓப்பன் ஜே.டி.கே.யின் பக்கம் சென்றது. டிசெம்பரில் ஜாவாவின் நெறிப்படுத்தும் குழுவிலிருந்து அப்பாச்சி வெளியேறியது. 2011 இல் ஹார்மனி கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஒரு தோல்விக் கதையாக மட்டும் வாசிப்பது போதாது. ஹார்மனியின் வகுப்பு நூலகம் அண்ட்ரொயிட் கைபேசித் தளத்திலே வாழ்ந்தது. அத்தளத்தின் பொருட்டு ஒராக்கிள் 2010 இல் கூகிள் மீது தொடுத்த வழக்கு பதினோராண்டுகள் நீடித்தது. 2021 ஏப்ரலில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில், கூகிள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. இடைமுகங்களின் பெயர்களுக்குப் பதிப்புரிமை உண்டோ இல்லையோ என்னும் மூலவினாவுக்கு நீதிமன்றம் விடை கூறாது விட்டது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆக, ஓர் இயக்கச் சூழலில் மூன்று உடைமைகள் உள எனக் கூறலாம். முதலாவது மூலக்குறி. இரண்டாவது, ‘இது ஜாவா’ எனக் கூறுவதற்கான பெயரும் சோதனையும். மூன்றாவது, அதனைத் தொடர்ந்து பேணும் உழைப்பு. திறந்த மூலம் என்னும் தொடர் முதலாவதனை மாத்திரமே குறிக்கின்றது. மற்றைய இரண்டும் எவரிடம் உள்ளன எனக் கேளாது செய்யப்படும் தெரிவு அரைகுறையானதே.

5. உரிமப் பத்திரம் ஓர் இலக்கியமாக

மென்பொருள் உரிமப் பத்திரங்களைப் பெரும்பாலானோர் வாசிப்பதில்லை. சட்டத்துறையின் சடங்காகக் கருதி ஒப்புதல் அளித்து அப்பாற் செல்கின்றனர். ஒரு பாடலிலே எவ்வாறு ஒரு சொல்லின் இடமாற்றம் பொருளை மாற்றுமோ, அவ்வாறே இப்பத்திரங்களிலும் ஒரு சொல்லின் வரையறை பல இலட்சக் கணக்கான பணத்தை இடம்மாற்றும். இவற்றையும் விமர்சகனின் கண்கொண்டு வாசித்தல் இன்றியமையாதது.

8 ஆம் பதிப்பின் காலத்திலே ஒராக்கிளின் வெளியீடு பொதுப் பயன்பாட்டுக்கு விலையின்றிக் கிடைத்தது. ஆனால் அதே கோப்பினுள்ளே ‘வணிக இயல்புகள்’ எனப்பட்டவையும் அடங்கியிருந்தன. இயக்கத்தைப் பதிவுசெய்து ஆராயும் ‘பிளைற் ரெக்கோடர்’ என்னும் கருவி அவற்றுள் ஒன்று. அதனை இயக்குதற்கு ஒரு கட்டளைச் சொல் போதுமாயிருந்தது. உற்பத்திச் சேவையகத்தில் அவ்வாறு இயக்குதற்கோ கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. பூட்டப்படாத அறைக்கு வாடகை விதித்தல் போன்றது இது. பொறியியலாளன் ஒருவன் பிழையொன்றைத் தேடும் அவசரத்திற் தட்டச்சிடும் ஒரு வரி, அவன் அறியாமலே நிறுவனத்தைக் கடன்காரனாக்கும் வாய்ப்பு அங்கிருந்தது.

2018 செப்ரெம்பரில் வெளியான 11 ஆம் பதிப்பு இரு விதத்தில் திருப்புமுனையாயிற்று. ஒருபுறம், பிளைற் ரெக்கோடர் உட்பட முன்னர் மூடப்பட்டிருந்தவை திறந்த மூலத்துக்கு வழங்கப்பட்டன. தொழில்நுட்ப நோக்கில் ஒராக்கிளின் வெளியீடும் ஓப்பன் ஜே.டி.கே.யும் ஏறக்குறைய ஒன்றாயின. மறுபுறம், ஒராக்கிள் தன் பெயரில் வெளியிடும் வடிவத்தை உற்பத்திச் சேவையகங்களிற் பயன்படுத்துவதற்குச் சந்தா கோரப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் 8 ஆம் பதிப்பின் புதிய திருத்தங்களுக்கும் இதே விதி பொருந்தியது. வழக்கம்போலத் திருத்தத்தைப் பதிவிறக்கிய ஒருவர், பதிப்பெண் தொடர்ந்திருப்பினும் பத்திரம் மாறிவிட்டதைக் கவனியாது விட்டிருக்கக் கூடும்.

2021 இல் 17 ஆம் பதிப்போடு காற்று மீண்டும் திசை மாறிற்று. உற்பத்திப் பயன்பாடு உட்பட விலையின்றிப் பயன்படுத்தலாம் என அறிவிக்கப்பட்டது. ஆனால் அச்சலுகைக்கு ஓர் எல்லை இருந்தது: அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளியாகி ஓராண்டு வரையிலான திருத்தங்களுக்கே அது பொருந்தும். 21 ஆம் பதிப்பு 2023 செப்ரெம்பரில் வெளியானமையால், 17 ஆம் பதிப்புக்கான சலுகைக் காலம் 2024 செப்ரெம்பரோடு நிறைவுற்றது. 2023 ஜனவரியில் அறிமுகமான சந்தா முறையோ அளவுகோலையே மாற்றியது. அதற்கு முன்னர் முறைவழியாக்கிகளின் எண்ணிக்கையும் பயனர் எண்ணிக்கையும் கணக்கிடப்பட்டன. புதிய முறையில் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை கணக்கிடப்படுகின்றது. ‘ஊழியர்’ என்னும் சொல்லுக்குப் பத்திரம் தரும் வரையறை முழுநேர, பகுதிநேர, தற்காலிகப் பணியாளரையும், நிறுவனத்தின் உள்ளகப் பணிகளுக்கு உதவும் ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் அடக்குகின்றது. அவர்கள் ஜாவாவைப் பயன்படுத்துகின்றனரா என்பது கேட்கப்படுவதில்லை.

இவ்வரையறையின் விளைவினை எளிய கணக்கொன்று காட்டும். ஆயிரத்துக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கு அம்முறையின் அறிமுகத்திலே வெளியிடப்பட்ட விலை, ஓர் ஊழியருக்கு மாதம் 15 டொலர். 500 பேரைக் கொண்ட நிறுவனமொன்று ஒரேயொரு சேவையகத்தில் இச்சூழலை நிறுவுமாயினும், விலைப்பட்டியலின்படி ஆண்டுக்கு 90,000 டொலர் செலுத்த வேண்டியதாகும். சமையற்கூடப் பணியாளரும் வாயிற்காவலரும் கூட இக்கணக்கிற் சேர்க்கப்படுவர். பயன்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் இடையிலான தொடர்பு இங்கே அறுந்துவிடுகின்றது. அளக்கப்படுவது மென்பொருளின் பயனன்று; கொள்வோனின் பருமனே அளக்கப்படுகின்றது.

6. திறந்த மூல வாதத்தின் குறைபாடுகள்

இவ்விடத்தில், திறந்த மூலத்தை ஆதரிப்போரின் வாதங்களையும் அதே கண்டிப்போடு நோக்குதல் விமர்சன நேர்மையாகும். “மூலம் திறந்துள்ளது, ஆகவே எவர் தயவும் வேண்டா” என்பது அவர்தம் கூற்று. ஓப்பன் ஜே.டி.கே.யின் வளர்ச்சியிற் பெரும்பங்கு ஒராக்கிளின் ஊழியரால் ஆற்றப்படுகின்றது. அதற்குப் பங்களிக்க விரும்புவோர் ஒராக்கிளுடன் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திடவேண்டும். அதாவது, திறந்த மூலத்தைத் தேர்ந்தெடுப்போரும் அதே நிறுவனத்தின் உழைப்பிலேயே நிற்கின்றனர். பழைய பதிப்புகளான 8 உம் 11 உம் நெடுங்காலம் உயிர்வாழ்வதற்கு, 2019 முதல் அவற்றின் திறந்த பராமரிப்பினை ரெட் ஹற் நிறுவனத்தினர் தலைமையேற்று நடத்தியமையே காரணம். ரெட் ஹற்றும் ஒரு வணிக நிறுவனமே. திறந்த மூலம் சந்தைக்கு வெளியே மலர்ந்த காட்டுப்பூவன்று. பல நிறுவனங்கள் தத்தம் நலன் கருதி நீர் வார்க்கும் பொதுத் தோட்டம் அது.

எனினும் ‘பல’ என்னும் சொல்லிலேயே அதன் வலிமை தங்கியுள்ளது. ஒரே மூலத்திலிருந்து அமேசனின் கொரேற்றோ, எக்லிப்ஸ் நிறுவகத்தின் கீழான தெமுரின், அசூல் நிறுவனத்தின் சூலு, மைக்கிரோசொப்ற்றின் வெளியீடு என ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வெளிவருகின்றன. ஒன்றின் நிபந்தனைகள் பொறுக்கமுடியாதவையாயின் மற்றொன்றுக்கு மாறலாம். சேவையகத்தில் மாற்றவேண்டியது பெரும்பாலும் ஒரு கோப்புறையும் சில சோதனைகளுமே. வெளியேறும் வாயில் திறந்திருப்பதனால் உள்ளிருப்போருக்குக் கிடைக்கும் பேரம் பேசும் பலமே திறந்த மூலத்தின் மெய்யான பயன். 2018 இன் பத்திர மாற்றத்தினால் சேவையகங்கள் நின்றுபோகவில்லை. அவ்வாண்டின் நவம்பரிலேயே கொரேற்றோ அறிவிக்கப்பட்டது. 2006 இல் மூலம் திறக்கப்படாதிருப்பின் இது நிகழ்ந்திராது.

தனியுரிமைச் சூழல்களுக்கும் நியாயமான இடம் உண்டு. நினைவகத் துப்புரவின்போது செய்நிரல் சிறிது நேரம் தரித்து நிற்பது, பங்குச் சந்தை போன்ற துறைகளில் ஏற்கமுடியாததொன்று. இத்தரிப்பினை நீக்கும் வழியை அசூல் நிறுவனம் தனது தனியுரிமைச் சூழலிலே பல ஆண்டுகளுக்கு முன்னரே அளித்தது. திறந்த மூலத்தில் அதனையொத்த வசதி 2018 இல் பரிசோதனை நிலையிலேயே வந்து, 2020 இல் 15 ஆம் பதிப்பிலே உற்பத்திக்கு உகந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அத்தேவை உடையோர் காசு கொடுத்தமை மடமையன்று. அவ்வாறே, பழைய பதிப்பொன்றிற் சிக்குண்ட செய்நிரலுக்கு நள்ளிரவில் பதில்கூற ஒருவர் வேண்டும் என்போர் ஆதரவு ஒப்பந்தமொன்றை வாங்குதலும் பொருத்தமானதே. ஆதரவினை வாங்குதலும் அனுமதியினை வாங்குதலும் வெவ்வேறானவை என்பதை மட்டும் அவர்கள் மறத்தலாகாது. முன்னதனை நிறுத்தினால் ஓர் உதவி நிற்கும். பின்னதனை நிறுத்தினாற் சேவையகமே நிற்கும்.

மைக்கிரோசொப்ற்றின் ‘டொற்நெற்’ வரலாறும் இம்முடிவினை வலியுறுத்துகின்றது. விண்டோசுக்கே உரியதாயிருந்த அச்சூழலை லினக்ஸில் இயக்குதற்கு ‘மொனோ’ என்னும் திறந்த முயற்சி 2001 முதல் உழைத்தது. 2004 இல் அதன் முதற் பதிப்பு வெளியாயிற்று. மூலத்தின் உரிமையாளர் முன்னே செல்ல, பின்தொடர்வோர் என்றும் ஓரடி பின்னரே நடக்கவேண்டியிருந்தது. 2014 நவம்பரில் மைக்கிரோசொப்ற் தானே சேவையகத்துக்கான மையத்தைத் திறப்பதாக அறிவித்து, 2016 இல் லினக்ஸிலும் இயங்கும் பதிப்பை வெளியிட்டது. சேவையக உலகில் லினக்ஸ் பெற்ற செல்வாக்கு இம்மாற்றத்தின் பின்னணியில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

7. தெரிவின் அளவுகோல்கள்

இவ்வினா இலங்கைக்குப் புறம்பானதன்று. 2003 இல் உருவான லங்கா மென்பொருள் நிறுவகத்தின் வழியாக இந்நாட்டுப் பொறியியலாளர் அப்பாச்சி நிறுவகத்தின் ‘அக்சிஸ் 2’ முதலிய ஜாவாச் செயற்றிட்டங்களுக்கு ஆற்றிய பங்கு உலகறிந்தது. 2005 இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் ஜாவாவில் எழுதிய சேவையக மென்பொருள்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. இத்தகைய ஆக்கங்களின் அத்திவாரம் எவர் கையில் உள்ளது என்பது, ஆக்கியோரின் உழைப்பு எவருக்கு வாடகை செலுத்தும் என்பதையும் தீர்மானிக்கின்றது. மேலும் உரிமக் கட்டணம் டொலரிற் கோரப்படுவது. 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாவை அண்மித்தது. முன்னர் கூறிய 90,000 டொலர் என்னும் தொகையை இதனோடு பொருத்தினால், 1 கோடியே 80 இலட்சமாக இருக்கும் ஒரு செலவு, பத்திரத்தில் ஓரெழுத்தும் மாறாத நிலையிலேயே 3 கோடியே 24 இலட்சமாக உயர்வதனைக் காணலாம். வளர்முக நாடொன்றிலே தெரிவு செய்வோன் தொழில்நுட்ப அபாயத்தோடு நாணய அபாயத்தையும் ஏற்கின்றான்.

தொகுத்து நோக்கின், சேவையகத்துக்கு இயக்கச் சூழலொன்றைத் தெரிவோர் விலையை முதலிற் கேட்பது முறையன்று. கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. நிறுவப்படும் அக்குறித்த கோப்பு எந்தப் பத்திரத்தின் கீழ் வெளியானது? அது பொருத்தச் சோதனையில் தேறியதா, தேறியதெனக் கூறுவோர் எவர்? அடுத்த ஐந்தாண்டுகளுக்குக் காலாண்டுத் திருத்தங்களை வழங்குவதாக உறுதியளித்தவர் எவர்? அவர் வாக்குத் தவறினால் அல்லது நிபந்தனையை மாற்றினால், செய்நிரலை மாற்றாது வேறொருவரிடம் செல்ல இயலுமா? முதல் மூன்று வினாக்களுக்கும் தனியுரிமைச் சூழல்கள் நல்ல விடை அளிக்கக்கூடும். சில வேளைகளிற் சிறந்த விடையும் அளிக்கக்கூடும். நான்காவது வினாவிலேயே அவை தடுமாறுகின்றன. ஜாவாவைப் பொறுத்தவரை, சிறப்புத் தேவையொன்று நிறுவப்பட்டாலன்றி, சோதனையில் தேறிய திறந்த வடிவமொன்றைத் தேர்ந்து, இயலுமாயின் அதனைப் பேணுவோருக்கு ஆதரவுக் கட்டணம் செலுத்துதலே அறிவார்ந்த வழி என்பது இதனாற் பெறப்படும்.

பல்கலைக்கழகங்களிற் செய்நிரலாக்கம் கற்பிக்கப்படுகின்றது, படிமுறைகள் ஆராயப்படுகின்றன, உரிமப் பத்திரத்தை வாசிக்கும் பயிற்சி மட்டும் அளிக்கப்படுவது அரிது. அதனைச் சட்டத்தரணிகளின் பணி என ஒதுக்கும் மனப்பான்மை மாணவரிடையே வேரூன்றியுள்ளது. நாளை ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவேட்டையோ வங்கியொன்றின் கணக்குகளையோ தாங்கப்போகும் சேவையகத்திலே எதை நிறுவுவது என்று தீர்மானிப்பவர் சட்டத்தரணியல்லர். இன்று விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவரே. அவர் தட்டச்சிடும் ஒரு வரியில் அத்தீர்மானம் நிகழ்ந்துவிடும். ஆதலின் மூலக்குறியை வாசிக்கும் கண், அதனோடு வரும் பத்திரத்தையும் வாசிக்கப் பழகவேண்டும்.